தேர்க்கடை மிட்டாய்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலிக்காரர்களுக்கு இரண்டு ஞாபகங்கள் வரும். அவர்கள் சென்னையில் இருந்தாலும் சரி, தில்லியில் இருந்தாலும் சரி, கடல் கடந்து எங்கேயோ உத்தியோகம் பார்த்தாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. முதலாவது, நெல்லையப்பரின் தேர். இரண்டாவதை அவ்வளவு தைரியமாக வெளியே சொல்ல மாட்டார்கள். தெய்வ பக்திக்குப் பக்கத்தில் நாக்கு ருசியை உட்கார வைப்பது கௌரவக் குறைவு என்று எண்ணிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கௌரவமெல்லாம் போய் வெகு காலமாகிவிட்டது. ஆகையால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஞாபகம், கருப்பட்டி மிட்டாய்.

இதை அறியாத நேயர்களுக்காகச் சிறிது விவரம் சொல்ல வேண்டும். தேரோட்டம் நெருங்கினால் ரத வீதிகளின் ஓரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே ஓலையோ சாக்கோ விரித்துக் கடைகள் முளைக்கும். வளையல் கடைக்கும் பலூன் கடைக்கும் நடுவே ஒருவர் பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு துணி முடிச்சு. அதன் அடியில் ஒரு துளை. முடிச்சைப் பிழிந்துகொண்டே கையைச் சுழற்றுவார். வெள்ளை மாவு எண்ணெயில் வளையம் வளையமாக விழுந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, உப்பி மேலே மிதந்து வரும். அதைக் கம்பியால் தூக்கிப் பக்கத்திலிருக்கும் கருப்பட்டிப் பாகில் அமுக்கி எடுத்து, தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்குவார். கோபுரத்தைச் சுற்றித் தேனீக்கள் பிரதக்ஷிணம் செய்யும். அவற்றுக்கு அடுத்த வரிசையில் சிறுவர்களாகிய நாங்கள் நின்றுகொண்டிருப்போம்.

சில ஊர்களில் இதை ஏணி மிட்டாய் என்பார்கள். சில ஊர்களில் சீரணி என்பார்கள். சீனிப் பாகில் தோய்த்தால் அது சீனி மிட்டாய். பார்வைக்கு ஜிலேபிக்கும் ஜாங்கிரிக்கும் உறவு போலத் தோன்றினாலும், மூன்றும் வேறு வேறு. அரபு நாட்டுப் பெயரைத் தாங்கி வந்த ஜிலேபி புளித்த மைதா மாவில் ஆவது. ஜாங்கிரி உளுந்தினால் ஆவது. நம்முடைய மிட்டாயோ, இட்லியையும் தோசையையும் போல, அரிசியும் உளுந்தும் சேர்ந்து உண்டாவது. நாம் தினந்தோறும் சாப்பிடும் மாவுதான் திருவிழாவுக்கு நகை பூட்டிக்கொண்டு வருகிறது என்று சொன்னாலும் பிசகில்லை. மேலே மொரமொரப்பு, கடித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் பாகு வாயில் பீறிட வேண்டும். பீறிடாவிட்டால் அது மிட்டாய் அல்ல. இனிப்புப் பூசிய வடை.

இந்தப் பாகுபாட்டை நான் பத்து வயதிலேயே நன்றாக அறிந்திருந்தேன். அவ்வளவு நன்றாக அறியாமல் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பல தடவை எண்ணியதுண்டு.

அது 1966-ஆம் வருஷம். முந்தின வருஷம் மழை பொய்த்துப் போய்த் தேசமெங்கும் உணவுத் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தின்கீழ்க் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்துகொண்டிருந்தது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். என் தந்தை ஆரம்பப் பள்ளி ஆசிரியர், கதர் உடுத்துகிறவர். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமான பிறகும் அவர் அந்த விரதத்தை விடவில்லை. திங்கட்கிழமை இரவுகளில் ஒரு தம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அடுத்த வருஷத் தேர்தலில், 'ரூபாய்க்கு மூன்று படி' என்ற பேச்சு தமிழ்நாடு முழுவதையும் ஒரு கலக்குக் கலக்கியது என்றால், அரிசிக்கு அன்று இருந்த மதிப்பை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தாமிரபரணி பாய்கிற எங்கள் ஊரிலேயே அரிசியைக் கண்ணால் காண்பது கஷ்டமாயிருந்தது.

எங்கள் வீட்டில் குழந்தைகள் ஐந்து பேர். போதாததற்கு, தேர் பார்ப்பதற்காக அப்பாவின் தங்கை, அதாவது எங்கள் அத்தை, தம் மூன்று குழந்தைகளுடன் வந்து சேர்ந்தாள். எட்டுக் குழந்தைகளுக்கும் தேர்க்கடையில் மிட்டாய் வாங்கிக் கொடுப்பதென்றால் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மிட்டாய் எப்போது வரும் என்பது ஒன்றுதான் எங்கள் கவலை.

தேரோட்டத்தன்று காலையில் அம்மா ஓர் ஓலைக் கொட்டானைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். "ராத்திரி அப்பா தேர்க்கடையிலேயிருந்து வாங்கிட்டு வந்தாங்க" என்றாள். வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்த என் தந்தை, அந்தச் சமயத்தில் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதன் பொருள் அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். நான் கடித்தேன். மொரமொரப்பைக் காணோம். பாகு உள்ளே போகவில்லை. எண்ணெய்தான் போயிருந்தது. உடனே, ஏதோ பெரிய மோசடியைக் கண்டுபிடித்த போலீஸ் இன்ஸ்பெக்டரைப் போல உரக்கச் சொன்னேன்:

"இது கடை மிட்டாய் இல்லை! வீட்டிலே சுட்டது! சொதசொதன்னு இருக்கு!"

அத்தை சிரித்துவிட்டாள். கெட்ட எண்ணத்துடன் சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். "பிள்ளைக்கு நாக்கைப் பார்த்தியா, மதினி!" என்றாள். மற்றக் குழந்தைகளும் சிரித்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொட்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவளுடைய இடது மணிக்கட்டில் ஈரத் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். அது என்னவென்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு அம்மா அந்த மிட்டாயைச் செய்ததே இல்லை. முறுக்கு சுட்டாள், அதிரசம் சுட்டாள், முந்திரிக்கொத்து செய்தாள். கருப்பட்டி மிட்டாயை மட்டும் தொடவில்லை. பிற்பாடு எங்கள் நிலைமை சற்று உயர்ந்தது. ஒவ்வொரு தேருக்கும் மிட்டாய் கடையிலிருந்தே வந்தது. நானும் தின்றேன். ஆனால் முதல் கடியில் அந்த ஈரத் துணியின் ஞாபகம் வராத வருஷம் கிடையாது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஐம்பது வருஷங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். நல்ல காரியங்களைத் தள்ளிப் போடுவதில் மனிதனுக்குள்ள சாமர்த்தியம் வேறெதிலும் கிடையாது.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது கடந்துவிட்டது. நெல்லையில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். சென்ற தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பில் சிகிச்சை ஆகி, வீட்டுக்குள் மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இந்த வருஷம் தேர் பார்க்கப் போக முடியவில்லை. தேரன்று ஊருக்குப் போயிருந்த என்னைக் கூப்பிட்டு, "தேர்தான் பார்க்க முடியல. மிட்டாயாவது வாங்கிட்டு வாலே" என்றாள்.

வீதியிலிருந்த கடைகளில் கூட்டம் அதிகமான ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். பளபளவென்று வெகு கம்பீரமாகத்தான் இருந்தது. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டாள். மீதியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"பாகுல சீனி. கருப்பட்டி பேருக்குத்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் குறையோ கோபமோ இல்லை. ஆனால் தட்டைத் தள்ளி வைத்த விதத்தைப் பார்த்ததும், அடுத்த வருஷத் தேர் வரையில் காத்திருக்கலாகாது என்று எனக்குத் தோன்றியது. "நான் வீட்டிலேயே செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி இதைக் கேட்டு, "காப்பிக்குப் பாலைப் பொங்கவிடாமல் இறக்கத் தெரிந்த பிறகு எண்ணெய்ச் சட்டிக்குப் போகலாமே" என்றாள். நியாயமான அபிப்பிராயந்தான். இருந்தாலும் நான் பின்வாங்கவில்லை.

முதலில் நல்ல கருப்பட்டி வேண்டும். தம்பியையும் அழைத்துக்கொண்டு உடன்குடிப் பக்கம் பஸ் ஏறினேன். அந்தச் செம்மண் தேரிக் காட்டில் விளையும் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் இப்போது பத்திரமாயிருக்கிறது. பொருள்தான் அபூர்வமாகிக்கொண்டு வருகிறது.

கருப்பட்டி எவ்வளவு பிரயாசையில் உண்டாகிறது என்பதைப் பட்டணத்தில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பனையேறுகிறவர் காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையைச் சீவிவிட வேண்டும். ஒரு மரம் இரண்டு மரம் அல்ல. தினந்தோறும் பல மரங்கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். அந்தப் பதநீரை வீட்டுப் பெண்மணிகள் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பனை ஓலையையும் மட்டையையும் எரித்து, மணிக்கணக்காய்க் காய்ச்சிக் கிளறி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைக்கோள வடிவம்.

என் தந்தை இதைப் பற்றி எங்களுக்கு ஓயாமல் உபதேசிப்பார். காந்தியடிகள் 1934-இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் காரியதரிசியாயிருந்து நடத்தினார். பனை வெல்லத்தைப் பற்றிக் குமரப்பா சொன்ன வாதம் வெகு எளிமையானது. கரும்புக்கு நல்ல நிலமும் ஏராளமான நீரும் வேண்டும். பனையோ வேறொன்றும் விளையாத மணலிலும் மேட்டிலும் தானே வளர்வது. சர்க்கரையைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டால், கரும்பு தின்கிற நல்ல நிலம் தானியத்துக்கு மிஞ்சும். அரிசிக்குத் திண்டாடிய அந்த வருஷங்களில் என் தந்தை இதைச் சொல்லும்போது, ஏதோ பழைய பாடத்தை ஒப்பிப்பதாகவே எங்களுக்குத் தோன்றியது. இப்போது எண்ணிப் பார்த்தால், எங்கள் வீட்டுக் காலிப் பானையைப் பற்றித்தான் அவர் பேசியிருக்கிறார் என்று தெரிகிறது.

உடன்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் தம் குடிசை வாசலில் கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். மார்பிலும் முழங்காலிலும் மரம் உராய்ந்த காய்ப்பு. இன்னும் தாமே ஏறுவதாகச் சொன்னார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறானாம்.

"கலப்படம் இல்லையே?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டை உடைத்து என் கையில் தந்தார். வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, பிறகு இலேசான உவர்ப்பு, கடைசியில் ஒரு புகை மணம். "ஐயா, சீனியைக் கலந்தா பாதி விலைக்குத் தரலாம். கலக்காமத் தந்தா விலையைக் கேட்டுட்டுப் போயிருதாங்க. ரெண்டுக்கும் பேரு கருப்பட்டிதான்" என்றார்.

பனை நமது மாநில மரம். 1978 முதல் அதற்கு அந்தக் கௌரவம் உண்டு. கலெக்டரின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றும் 2021-இல் அரசாங்கம் அறிவித்தது. மரத்தை வெட்டாமல் தடுக்கலாம். ஏறுகிறவருக்கு வயிறு நிறையாவிட்டால், நிற்கிற மரத்தினால் என்ன பிரயோஜனம்? சீனியின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இரண்டு கிலோ வாங்கினேன். என் ஆயுளில் அவ்வளவு மலிவாக ஒன்றும் வாங்கியதில்லை என்று திரும்பி வரும்போது தோன்றியது.

இனி, என் பாகசாஸ்திரப் பிரதாபங்களைச் சொல்கிறேன்.

முதல் நாள் அரிசியையும் உளுந்தையும் ஊற வைத்து அரைத்தேன். அவசரத்தில் மாவு நறநறவென்று இருக்கும்போதே வழித்துவிட்டேன். கனத்த துணியில் துளையிட்டு, அதன் ஓரத்தைச் சட்டையின் பொத்தான் துளையைப் போலத் தைத்துக்கொடுத்தாள் தம்பியின் மனைவி. அதில் மாவைக் கட்டிப் பிழிந்தேன். ஒரு வளையம் விழுந்தது. இரண்டாவது வளையத்தில் ஒரு குறுணை வந்து துளையை அடைத்துக்கொண்டது. நான் பலங்கொண்ட மட்டும் அமுக்கினேன். அடைப்பு விட்டது, ஒரு கை மாவு முழுவதும் உருண்டையாக எண்ணெயில் விழுந்தது. இடது கையில் எண்ணெய் தெறித்தது. அந்த உருண்டை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளே அடைபட்ட நீராவியினால் படாரென்று வெடித்தது. என் மனைவி அடுப்பை அணைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மணிக்கட்டில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் திடுக்கிட்டேன். அதே இடது கை. விறகு அடுப்பில், நள்ளிரவில், குழந்தைகள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, ஒருத்தி தனியாக இதைச் செய்திருக்கிறாள். மறுநாள் காலையில் அவளுக்குக் கிடைத்த சன்மானம் என்ன என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

மறு நாள் மாவை வெண்ணெய் போல அரைத்தேன். மிட்டாய் மிருதுவாக இருக்க வேண்டுமென்று எண்ணி, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டேன். வளையங்கள் நன்றாக விழுந்தன. கருப்பட்டிப் பாகும் பார்க்க அழகாயிருந்தது. அரை டஜன் சுட்டதும், ஓர் ஓலைக் கொட்டானில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். என் நெஞ்சு படபடத்ததை மறைப்பானேன்? பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு நிற்கும் பையனைப் போல நின்றேன்.

அம்மா ஒன்றை எடுத்துப் பிட்டாள். உட்புறத்தைப் பார்த்தாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"கருப்பட்டி அசல்" என்றாள். பிறகு, "ஆனா உளுந்து கூடிப் போச்சுலே. சொதசொதன்னு இருக்கு."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எனக்கு மட்டுமே ஞாபகம் இருக்கிறதென்று இத்தனை வருஷமாக நான் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய அகம்பாவம்!

"சொன்னது சரிதாம்லே. அன்னைக்கும் உளுந்து கூடுதல்தான். அரிசி எங்கே கிடைச்சுது? தினமும் உலையில போடுத அரிசியிலே ஒரு பிடி எடுத்து வச்சேன். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு உழக்குதான் தேறிச்சு. உளுந்து இருந்துது, கோவில்பட்டியிலேயிருந்து உங்க தாத்தா கரிசக்காட்டு உளுந்து கொடுத்து விட்டிருந்தாரு. உழக்கு அரிசிக்குக் கால் உழக்கு உளுந்துதான் கணக்கு. அப்படிப் போட்டா எட்டுப் பிள்ளைகளுக்கு எங்கே காணும்? அதான் உளுந்தையும் ஒரு உழக்குப் போட்டுட்டேன்."

எண்ணிக்கை சரியாக இருந்தது. எட்டுக் குழந்தைகள், ஆளுக்கு ஒன்று. அவள் பங்கு, அப்பாவின் பங்கு, அந்தக் கணக்கில் இல்லை.

சிறிது நேரம் அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ சொன்னதுகூட ஒண்ணுமில்ல. அத்தை முன்னால சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் மணிக்கட்டுத் துணியைப் பார்த்தாள். "எண்ணெய் பட்டுட்டா? நாளைக்கு என்னைய அடுக்களை வாசல்ல நாற்காலி போட்டு உட்கார வை. நான் சொல்லுதேன்" என்றாள்.

மூன்றாம் நாள் அவ்விதமே நடந்தது. அம்மா சொன்ன முறையை அப்படியே இங்கே தருகிறேன். நேயர்களின் வீட்டுப் பெண்மணிகளுக்கு மட்டுமல்ல. எண்ணெய்ச் சட்டியைக் கண்டு ஓடாத கணவன்மார்களுக்கும் உபயோகப்படும்.

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. எங்கள் அளவு, 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து. அரிசியில் பாதி பச்சரிசி, பாதி இட்லி அரிசி. மூன்று மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகவும் நைஸாகவும் அரைக்க வேண்டும். வடை மாவைவிடச் சற்று இளக்கம், அவ்வளவுதான். இட்லி மாவைப் போலப் புளிக்க விடக் கூடாது. அரைத்த அன்றே சுட்டுவிட வேண்டும்.

பாகுக்கு அரைக் கிலோ கருப்பட்டி. அதைத் தட்டி, ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கட்டாயம் வடிகட்ட வேண்டும். அசல் கருப்பட்டியில் மணல் இருக்கும். மறுபடி அடுப்பில் ஏற்றி, விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டிக் கம்பி எழும்பும் சமயத்தில் இறக்கிச் சுக்குப் பொடியும் ஏலப் பொடியும் சேர்க்க வேண்டும். பாகு அதற்கு மேல் முற்றினால் மிட்டாய்க்குள் போகாது. இளகி இருந்தால் மிட்டாய் ஊறி நைந்துவிடும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கத் துளி மாவைப் போட வேண்டும். அடியில் கிடந்தால் காயவில்லை. போட்டவுடன் சிவந்தால் அதிகம். நுரைத்துக்கொண்டு நிதானமாக மேலே வந்தால் சரியான பதம். வளையங்களைப் பிழிந்து, இரு புறமும் வெந்து, சலசலப்பு அடங்கியதும் எடுக்க வேண்டும். எடுத்தவுடன், சூடு ஆறுவதற்கு முன், வெதுவெதுப்பான பாகில் அமுக்க வேண்டும். "சுடச்சுடப் போட்டாத்தாம்லே பாகைக் குடிக்கும்" என்றாள் அம்மா.

இதன் காரணத்தைப் பின்னால் யோசித்துப் பார்த்தேன். எண்ணெயில் வேகும்போது மாவிலுள்ள நீர் ஆவியாகி வளையத்துக்குள் குழாய் போல வெற்றிடம் உண்டாக்குகிறது. உளுந்தின் பசை அந்த ஆவியைத் தாங்கிப் பிடிக்கிறது. அரிசி மேல் தோலை மொரமொரப்பாக நிறுத்துகிறது. உளுந்து மிகுந்தால் தோல் தொய்ந்து எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகிவிடும். வெந்த வளையம் பாகில் விழுந்து குளிரும்போது உள்ளேயிருக்கும் ஆவி சுருங்கி, வெளியேயிருக்கும் பாகை இழுத்துக்கொள்கிறது. இந்தப் பௌதிக சாஸ்திரத்தை நான் மெனக்கெட்டு விளக்கியபோது, "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் அம்மா.

கடைசியில் ஒரு தாம்பாளம் நிறைய மிட்டாய் ஆயிற்று. கடைக்காரருடையதைப் போல ஒழுங்கான வட்டமாக ஒன்றும் வரவில்லை. சிலது வெற்றிலை போலவும், சிலது இலங்கைத் தீவு போலவும் இருந்தன. அம்மா ஒன்றை எடுத்தாள். கடித்தபோது கருப்பட்டிப் பாகு அவள் உதட்டோரத்தில் வழிந்தது. என் மனைவி, "அத்தை, எப்படியிருக்கு?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

தின்று முடித்து, கை கழுவித் துடைத்துக்கொண்ட பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பாளையங்கோட்டையிலே உங்க அத்தை மகன் வீட்டுலதான் அத்தை இருக்கா. அவளுக்கும் இந்தத் தடவை தேருக்கு வர முடியலையாம். ஓலைக் கொட்டான்ல நாலு எடுத்து வச்சுக் கொண்டு போய்க் குடு."

"சரி அம்மா."

வாசல் வரையில் போய்விட்டேன். மறுபடியும் குரல் வந்தது.

"ஏலே, வீட்டுல சுட்டதுன்னு சொல்லு."